ஏழாம் மேசையில் என்ர குரல்

தம்பி, ஒரு நிமிசம் பொறுங்கோ. அந்த ஹெட்போனை இப்ப காதில வைக்காதேங்கோ. தமிழ்தானே நீங்கள்? முகத்தைப் பாக்கவே நினைச்சனான். இந்தியாவோ? கோயம்புத்தூரோ! நல்லது, நல்லது. நான் யாழ்ப்பாணம், கொடிகாமம் பக்கம். விசுவலிங்கம் எண்டு பேர். இஞ்ச சுவிசுக்கு வந்து முப்பத்தொன்பது வருசம். என்ர தமிழ் விளங்குதுதானே? விளங்காட்டிக் கேளுங்கோ, திருப்பிச் சொல்லுறன். ஆனா அதைக் கீழ வையுங்கோ.

இல்லையில்லை, நான் இஞ்ச வேலை செய்யிறவன் இல்லை. வேலை செய்யிறவ அங்க நிக்கிறா, நீலக் கோட்டுப் போட்ட பொம்பிளை. அவ என்னை ஒண்டும் சொல்லமாட்டா. மூண்டு கிழமையா நாள் தவறாமல் வாறன், இந்த வாங்கில, நீங்கள் பெஞ்ச் எண்டுவியள், இருக்கிறன், பூட்டேக்க எழும்பிப் போறன். எனக்குக் கலையில விசர், பைத்தியம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா போல. போன கிழமை இந்தக் கண்காட்சியைப் பற்றின தடிச்ச புத்தகம் ஒண்டு கொண்டுவந்து கையில தந்தா. முழுக்க ஜெர்மன். வாசிக்கிற மாதிரி மடியில விரிச்சு வைச்சுக்கொண்டு இருந்தன். அவவைப் பாக்கவும் வெக்கமாக் கிடந்தது.

எனக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும், தம்பி. ஆஸ்பத்திரிச் சமையலறையில சட்டி பானை கழுவி முதுகு போன ஆள் நான். முதல் அறையில பாத்திருப்பியள், கூரையில இருந்து செருப்பாத் தொங்குது. எரித்திரியாக்காரன் ஒருத்தன் செய்தது. கடல் தாண்டி வந்த சனத்தின்ர செருப்பாம். செருப்பைத் தொங்கவிட்டால் கலையோ எண்டு நக்கலா நினைச்சனான். பேந்து ஒருநாள் அதுக்குக் கீழ போய் நிண்டு அண்ணாந்து பாத்தன். எல்லாற்றை அடிப்பாதமும் என்ர தலைக்கு மேல. பேசாமல் இஞ்சால வந்திட்டன்.

இந்த அறை தர்ஷிகா எண்ட பிள்ளையின்ர வேலை. இஞ்சயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தகப்பன் எனக்குக் கோயில் பழக்கம். ஒன்பது மேசை. ஒரு மேசைக்கு ரெண்டு கதிரை. நீங்கள் இருக்கிற கதிரை ஆற்றை கதிரை எண்டு சொல்லுங்கோ பாப்பம்? அது அதிகாரியின்ர கதிரை, தம்பி. அகதி எண்டு வந்து கேக்கிறவனை விசாரிக்கிற அதிகாரி. எதிர்ப்பக்கக் கதிரை அந்த அகதிக்கு. அது வெறும் கதிரையா இருக்கும், ஆளைக் காணேலாது, குரல் மட்டும் காதில கேக்கும், சுவரில ஜெர்மனில எழுத்து ஓடும். சிரியாக்காரி ஒருத்தி, கொசோவோக்காரர் ரெண்டு பேர், சிலிக்காரக் கிழவர் ஒருத்தர், இப்பிடி. ஏழாம் மேசை நான்.

ஓம், இதில கேக்கிறது என்ர குரல்தான். கதை என்ர இல்லை.

அப்பிடிப் பாக்காதேங்கோ. முழுக்கக் கேட்டிட்டுப் பாருங்கோ.

எண்பத்தைஞ்சில நாங்கள் வந்த காலத்தில எல்லாருக்கும் ஒரு கேஸ் இருந்தது. கேஸ் எண்டால் கோட்டுக் கேஸ் இல்லை. நான் ஏன் நாட்டை விட்டு ஓடிவந்தனான் எண்டு அதிகாரியிட்டைச் சொல்லுற கதை. அதுக்குத்தான் நாங்கள் கேஸ் எண்டு சொல்லுறது. கதை சரியா இருந்தால் இருக்க விடுவாங்கள், பிழைச்சால் திருப்பி அனுப்புவாங்கள். கொழும்பில என்னை ஏத்தி அனுப்பின ஏஜென்சிக்காரன் ரெண்டு தாளில ஒரு கேஸ் எழுதித் தந்தவன். இஞ்ச அகதிக் காம்பில வந்து பாத்தால் அதே ரெண்டு தாள் இன்னும் அஞ்சு பேரிட்டை இருக்கு. ஆறு பேருக்கும் ஒரே ஊரில, ஒரே நாளில, ஒரே பனைக்குக் கீழ அடி விழுந்திருக்கு. சிரிக்கிறியள். நாங்களும் சிரிச்சனாங்கள். சிரிச்சுப்போட்டுத் தாளைக் கிழிச்சுப் போட்டன். பேந்துதான் யோசிச்சன், இனி என்னத்தைச் சொல்லுறது எண்டு.

ஏனெண்டால் எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. அதுதான் உண்மை. பயம். பயம் மட்டும்தான். சந்தியில ஆமி நிக்கிறான் எண்டால் மூண்டு நாள் வீட்டுக்குள்ள கிடப்பன். ஒரு நாள் ஒரு அடி வாங்கினவன் இல்லை. என்ர வயசுப் பெடியள் எல்லாரும் ஓடினாங்கள், நானும் ஓடினன். இதை ஒரு அதிகாரியிட்டை எப்பிடிச் சொல்லுறது? ஐயா, எனக்குப் பயமாக் கிடந்தது எண்டோ?

காம்பில என்ர அறையில இருந்தவன் குகநேசன். மீசாலைப் பெடியன், என்ர வயசு. அவனுக்கு நடந்தது. அவனுக்குத் தம்பி ஒருத்தன் இருந்தவன், பதினெட்டு வயசு. காலமை முற்றத்தில நிண்டு சயிக்கிளுக்குக் காத்தடிச்சுக்கொண்டிருக்கேக்க ஒழுங்கையால ஆமி வந்திருக்கு. பெடி வேலியைப் பாய்ஞ்சு ஓட வெளிக்கிட்டவன். வேலியடியிலயே சுட்டுப்போட்டாங்கள். குகநேசனைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் ட்ரக்கில ஏத்திப் பதினொரு நாள் வைச்சிருந்தவங்கள். அவன் கடைசியாப் பாத்தது தம்பியின்ர காலைத்தான். வேலிக்கு அங்கால தலை, இஞ்சால கால். கையில காத்துப்பம்ப் இருந்ததோ விழுந்ததோ எண்டு தனக்குத் தெரியாதாம். அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவான், பம்ப் எங்க போச்சு, பம்ப் எங்க போச்சு எண்டு.

காம்பில எல்லாரும் விசாரணைக்குப் பழகுவினம். ஒருத்தன் அதிகாரியா இருந்து கேள்வி கேப்பான், மற்றவன் கேஸைச் சொல்லுவான். திகதி பிழைக்கக் கூடாது, ஒழுங்கு மாறக் கூடாது. எங்கட அறையில நான்தான் அதிகாரி. கட்டில்ல சம்மணம் கட்டி இருந்துகொண்டு, "சொல்லும், பிறகு என்ன நடந்தது?" எண்டு கேப்பன். குகநேசன் தொடங்குவான். சயிக்கிள் வரைக்கும் வருவான். வேலியடியில நிண்டுபோவான். வாய் திறக்காது. நான் எடுத்துக் குடுப்பன், "பிறகு ட்ரக்கில ஏத்தினவங்கள், என்னடா?" எண்டு. தலையை ஆட்டுவான். ரெண்டு மாசம் இப்பிடி. கடைசியில அவனை விட எனக்கு நல்லாப் பாடம். அவன் சொன்னால் துண்டு துண்டா வரும். நான் சொன்னால் ஆறு மாதிரி ஓடும்.

விசாரணைக்கு அவனுக்குத் திகதி முதல் வந்தது. எனக்குப் பிந்தி. நான் போய்க் காம்ப் பொறுப்பாளரிட்டைக் கேட்டு எனக்கு முந்தி எடுத்தனான். குளிர் தொடங்கப்போகுது, அதுக்கு முதல் முடிச்சுப்போட்டால் நிம்மதி எண்டு கேட்டனான். வேற ஒண்டுமில்லை.

நானும் நினைச்சுக்கொண்டு போகேல்லை, தம்பி, அம்மாவாணை. கதிரையில இருத்தினாங்கள். மேசையில ரேப் ரெக்கோடர். அது சுத்தத் தொடங்கிச்சுது. "சொல்லும்" எண்டினம். நான் வாயைத் திறக்க குகநேசன்ர கதை வந்திட்டுது. சயிக்கிளும் வந்தது, ஒழுங்கையும் வந்தது, வேலியும் வந்தது. தம்பியின்ர பேரைக் கேட்டாங்கள். குகநேசன்ர தம்பியின்ர பேரைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அவ்வளவு மனச்சாட்சி இருந்தது பாருங்கோ! கொழும்பில நான் ஏஜென்சிக்காரனுக்குக் காத்திருந்த தேத்தண்ணிக் கடையின்ர பேர் சுகந்தா கபே. டக்கெண்டு அது ஞாபகம் வந்தது. தம்பியின்ர பேர் சுகந்தன் எண்டு சொன்னன். எனக்குத் தம்பியே இல்லை. ரெண்டு அக்காமார்தான்.

அதோட விட்டனோ? இல்லை. அதிகாரி பேனையால தட்டிக்கொண்டு இருந்தவன், நம்பாத மாதிரிப் பாத்தவன். நான் ஒரு சொட்டுக் கூடச் சேர்த்தன். வேலியடியில கிடந்து தம்பி தண்ணி கேட்டவன் எண்டு சொன்னன். "அண்ணா, தண்ணி" எண்டு ரெண்டு தரம் கேட்டவன், என்னைக் குடுக்க விடேல்லை எண்டு சொன்னன். மொழிபெயர்க்க வந்த மனிசி, மொழிபெயர்க்கிறதை நிப்பாட்டிப்போட்டு மூக்கைத் துடைச்சவ. எனக்கு அந்த நேரம் உள்ளுக்குள்ள ஒரு... எப்பிடிச் சொல்லுறது... நல்லாச் சொல்லிப்போட்டன் எண்டு ஒரு சந்தோசம். அதை நினைக்க இப்பவும் காது சுடும்.

எட்டு நாளால குகநேசன் போனவன். திரும்பி வந்து சப்பாத்துக் கழட்டாமல் கட்டில்ல இருந்தான். "மச்சான், இந்தக் கதையைத் தாங்கள் போன கிழமையே கேட்டிட்டினமாம்" எண்டான். அவ்வளவுதான் சொன்னவன். என்னைப் பாத்துச் சொன்னவனோ சுவரைப் பாத்துச் சொன்னவனோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. நான், "உவங்கள் எல்லாருக்கும் உப்பிடித்தான் சொல்லுவாங்கள், பயமுறுத்திப் பாப்பாங்கள்" எண்டன். அவனுக்கு நிராகரிச்சு வந்தது. என்னை இருக்க விட்டாங்கள். அதாலதான் நிராகரிச்சவங்கள் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது, தம்பி. அந்த நேரம் கனபேருக்கு நிராகரிச்சவங்கள். அவன் துண்டு துண்டாக் கதைக்கிற ஆள், அதுவும் ஒரு காரணமா இருக்கும். என்ன? ஓம்... ஓம், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் சொல்லுறன்.

அவன் எல்லை தாண்டிப் பிரான்சுக்குப் போனவன். அங்க பேப்பர் கிடைக்க ஒன்பது வருசம். அதுக்கிடையில தாய் ஊரில செத்துப்போனா. இதெல்லாம் ஆக்கள் சொல்லிக் கேள்விப்பட்டதுதான். நான் போன் எடுத்துக் கதைக்கேல்லை.

நான் இஞ்ச கலியாணம் கட்டி, ஒரு மகள். என்ர மனிசிக்குத் தெரியும் எனக்குத் தம்பி இல்லை எண்டு. கேஸுக்குச் சொன்னது எண்டு தெரியும். ஆற்றை கதை எண்டு அவ கேக்கேல்லை, எங்கட சனம் ஒருத்தரை ஒருத்தர் கேக்கிறதில்லை. மகள்தான். சுவிஸ் பாஸ்போட்டுக்கு எழுதிப் போடேக்க அவளுக்குப் பன்ரெண்டு வயசு. வீட்டில ஜெர்மன் வாசிக்கக் கூடியது அவள் ஒருத்திதான். என்ர பழைய பைல் எல்லாத்தையும் அவள்தான் வாசிச்சு எங்களுக்குச் சொன்னவள். வாசிச்சுக்கொண்டு வந்தவள் இடையில நிப்பாட்டி, "அப்பா, உங்களுக்குத் தம்பி இருந்தவரோ?" எண்டு கேட்டாள். கண் நிறையத் தண்ணி. நான் ஓம் எண்டன். வேற என்ன சொல்லுறது? மனிசி எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டா.

மகளுக்குப் பெடியன் பிறந்து நாலு வருசம். என்ன பேர் வைச்சவள் எண்டு நினைக்கிறியள்? சுகந்தன். என்னைச் சந்தோசப்படுத்த வைச்சவள். தேத்தண்ணிக் கடையின்ர பேர், தம்பி. கூப்பிடேக்க ஓடிவந்து காலைக் கட்டிப்பிடிப்பான்.

போன வருசம் தர்ஷிகா வீட்டுக்கு வந்தவள். "அங்கிள், நீங்கள் வந்த கதையைச் சொல்லுங்கோ, உங்களுக்கு விருப்பமானதைச் சொல்லுங்கோ" எண்டாள். நல்ல பிள்ளை, ஒண்டும் வற்புறுத்தேல்லை. நான் வாற வழியில செருப்பில்லாமல் கிழக்கு பெர்லின்ல இறங்கினதைச் சொல்லுவம், முதல் முதல் சினோ, பனி கொட்டினதைப் பாத்ததைச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். அவள் பையில இருந்து சின்ன ரெக்கோடரை எடுத்து மேசையில வைச்சாள். சிவப்பு லைற் எரிஞ்சது. "சொல்லுங்கோ" எண்டாள்.

ரெக்கோடரைக் கண்டால் எனக்கு வேற கதை வராது, தம்பி. அதுதான் என்ர வியாதி. முப்பத்தெட்டு வருசத்துக்குப் பிறகும் ஒரு சொல் மாறாமல் வந்தது. மாறிச் சொன்னால் பிடிச்சுப் போடுவாங்கள் எண்ட பயம் எலும்புக்குள்ள கிடக்கு. அந்தப் பச்சைப் பிள்ளைக்கு முன்னால இருந்து அதிகாரிக்குச் சொன்ன மாதிரிச் சொன்னன். சயிக்கிள், வேலி, தண்ணி. முடிய அவள் கேட்டவள், "அங்கிள், பேருகளை மாத்தி விடட்டோ?" எண்டு. இரக்கத்தில கேட்டவள். நான் நெஞ்சை நிமித்தி, "வேண்டாம் பிள்ளை, உண்மையான பேரே இருக்கட்டும்" எண்டன். உண்மையான பேர்!

திறப்புவிழாவுக்கு மனிசி வரேல்லை, தலையிடி எண்டா. மகள் வந்தவள். கேட்டுப்போட்டு என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவள். சனம் வந்து வந்து கை குடுக்குது. மேயரின்ர ஆள் ஒருத்தர், பத்திரிகைக்காரர், எல்லாரும். நானும் குடுத்துக்கொண்டு நிக்கிறன். அந்த நேரம் பாக்கிறன், இந்தக் கதிரையில, நீங்கள் இருக்கிற இதே கதிரையில, மொட்டைத் தலையோட ஒரு ஆள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். பின் கழுத்தைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு மாசம் எதிர்க் கட்டில்ல பாத்த கழுத்து. குகநேசன். பிரான்சில இருந்து தன்ர மகளைப் பாக்க வந்தவனாம், அவள் இந்த நகரத்திலதான் கட்டியிருக்கிறாள். அவள்தான் கூட்டிக்கொண்டு வந்தது.

ஓடியிருக்கலாம். கதவு அந்தா, பத்தடி. ஓடேல்லை. எதிர்க் கதிரைக்குப் பின்னால போய் நிண்டன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேக்கிறான். பதினொரு நிமிசம் ஓடும் அது. முழுக்கக் கேட்டான். கழட்டிக் கீழ வைச்சிட்டு என்னைப் பாத்தான். அடிப்பான் எண்டு நினைச்சன். அடிச்சிருந்தால் நல்லம்.

"விசு, அவன் தண்ணி கேட்டவனோ?" எண்டான்.

எனக்கு விளங்கேல்லை.

"என்னை இழுத்துக்கொண்டு போன பிறகு அவன் உயிரோட கிடந்தவனோ? ஆரும் ஊரில இருந்து வந்தவை உனக்குச் சொன்னவையோ? தண்ணி கேட்டவனோடா?"

தம்பி, அவன்ர முகத்தைப் பாத்திருக்க வேணும். முப்பத்தொன்பது வருசமா அவனுக்குத் தெரியாத ஒண்டு எனக்குத் தெரியும் எண்டு நம்பிக் கேக்கிறான். அதிகாரியின்ர கதிரையில இருந்துகொண்டு கெஞ்சிற மாதிரிக் கேக்கிறான். நான் சொன்னன், "மச்சான், அது நான் சேர்த்தது" எண்டு. "ஒருத்தரும் சொல்லேல்லை. நல்லா இருக்கும் எண்டு சேர்த்தது."

ஹெட்போனை மேசையில நேராக்கி வைச்சான். பேந்து, "அப்ப கேக்கேல்லை" எண்டான்.

"எனக்குத் தெரியாது, மச்சான்."

"சரி" எண்டான். எழும்பிக் கோட்டைப் போட்டான். ஒரு கை உள்ள போகேல்லை, நான் பிடிச்சுவிடப் போனன், வேண்டாம் எண்டு தோளை ஒதுக்கினான். "எல்லாம் இருக்கட்டும் விசு. உன்ர குரலிலயே இருக்கட்டும். என்னால இப்பிடிச் சொல்ல ஏலாது. பேரை மட்டும் மாத்தச் சொல்லு அந்தப் பிள்ளையிட்டை. ஆரோ ஒரு சுகந்தன் செத்ததா இருக்கு. என்ர தம்பி இதில செத்தவனா இல்லை." அதைச் சொல்லிப்போட்டுப் போயிட்டான். என்ர மகள் கேட்டாள், "ஆரப்பா அது?" எண்டு. காம்பில இருந்தவர் எண்டன்.

ஒரு பேர். நாலு இடத்தில வருது. தர்ஷிகாவுக்கு அது ஒரு மணித்தியால வேலைகூட இல்லை. நான் திரும்ப இருந்து நாலு தரம் சொன்னால் வெட்டி ஒட்டிப்போடுவாள். ஆனா ஏன் அங்கிள் எண்டு கேப்பாளே. கேட்டால் சொல்ல வேணும். சொன்னால் தகப்பனுக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரியும், என்ர மகளுக்குத் தெரியும். அவள் தன்ர பெடியனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறது?

வாற ஞாயிறோட இஞ்ச முடியுது. பேந்து பெட்டியில கட்டி வேற நாட்டுக்குக் கொண்டு போகினமாம். அங்க முடிய ஆவணக் காப்பகம் ஒண்டில நிரந்தரமா வைக்கினமாம். பேந்து ஒருத்தரும் மாத்தேலாது. நேற்றும் தர்ஷிகா வந்தவள். எனக்குப் பக்கத்தில, இதே வாங்கில வந்து இருந்து, "அங்கிள், ஒவ்வொரு நாளும் வாறியளாம், என்னட்டை ஏதும் சொல்ல வேணுமோ?" எண்டு கேட்டாள். கையைக் கூடப் பிடிச்சவள். நான் என்ன சொன்னன் தெரியுமோ? இந்த அறையில ஹீற்றர் காணாது, சனம் குளிருது எண்டு சொன்னன். பாவம், உடன போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து சூட்டைக் கூட்டி விட்டவள். இப்ப வேர்க்குது.

ஐயோ, வேண்டாம், நீங்கள் சொல்லக் கூடாது. அவளின்ர நம்பரும் வேண்டாம், ஈமெயிலும் வேண்டாம். நானே சொல்லுவன். இன்னும் மூண்டு நாள் இருக்குத்தானே. நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்தால் காணும்.

இப்ப ஹெட்போனைப் போடுங்கோ. கேக்கேக்க சுகந்தன் எண்டு நாலு இடத்தில வரும். வாற இடத்தில எல்லாம் மனசுக்குள்ள பவநேசன் எண்டு மாத்திக் கேளுங்கோ. பவநேசன். மீசாலை. பதினெட்டு வயசு. தண்ணி எண்டு வாற இடத்தில மட்டும் கழட்டி மேசையில வைச்சிடுங்கோ, பேந்து எடுத்துப் போடலாம். வெள்ளைக்காரருக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஜெர்மன் காணாது, அவை கேட்டுக்கொண்டு போகட்டும். தமிழ்ச் சனம் வந்தால் நான் விடுறேல்லை, மறிச்சுச் சொல்லிப்போடுவன். உங்களோட பதினைஞ்சு பேருக்குச் சொல்லிப்போட்டன், தம்பி. இனி அந்தப் பிள்ளை ஒருத்திக்குத்தான் சொல்லக் கிடக்கு.